வெள்ளித் தண்ணீர்: செய்து பார்க்கலாம், குடிக்கக் கூடாது

பிளஸ் டூ வேதியியலில் கூழ்மங்கள் (கரையாமல் திரவத்தில் தொங்கும் நுண்துகள் கலவைகள்) பாடத்தின் கடைசியில் பயன்கள் என்று ஒரு பகுதி வரும். அதில் ஒரு வரி: ஆர்ஜிரால் ஒரு வெள்ளிக் கூழ்மம், கண் மருந்தாகப் பயன்படுகிறது. ஒரு மார்க் வரி. இருபத்தெட்டு வருஷம் அரசுப் பள்ளியில் அதை அடிக்கோடு போடச் சொல்லியிருக்கிறேன். அந்த வரி ஒருநாள் என் வீட்டு வாசலிலேயே வந்து நிற்கும் என்று நினைக்கவில்லை.

போன சித்திரையில் நாத்தனார் வந்தாள். கூடையில் பழுப்புக் கண்ணாடி பாட்டில், இரண்டு வெள்ளிக் கம்பி, மூன்று ஒன்பது வோல்ட் பேட்டரியை ஒன்றோடொன்று செருகிய ஒரு பிளாஸ்டிக் டப்பா. யாரோ சொல்லி, காசு கொடுத்து வாங்கிய 'மெஷின்'. அதில் செய்த வெள்ளித் தண்ணீரைக் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மூடி குடிக்கிறாளாம். மூட்டுவலி, சளி, சர்க்கரை எல்லாவற்றுக்கும். தைராய்டு மாத்திரையையும் அதிலேயே விழுங்குகிறாள்.

"இதெல்லாம் வேணாம்மா" என்றேன்.

"உங்க புத்தகத்துலயே போட்டிருக்கே மதினி. பாப்பா படிச்சிக் காட்டினாளே."

அதற்கு மேல் வெறுமனே வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சரி, செய்தே பார்ப்போம் என்று சாப்பாட்டு மேஜையில் பழைய செய்தித்தாளை விரித்தோம். அன்று செய்ததையும் சொன்னதையும்தான் எழுதுகிறேன். வீட்டில் யாராவது இந்தப் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தால் நீங்களும் இதையே செய்து காட்டலாம்.

முதலில் கம்பி. 99.9 என்று அச்சிட்ட சுத்த வெள்ளியாக இருக்க வேண்டும். கழற்றிப்போட்ட கொலுசையும் பழைய மெட்டியையும் தொங்கவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். நகை வெள்ளியில் செம்பு கலந்திருக்கும். இணைப்புகளில் வைக்கும் பொடியில் துத்தநாகம் இருக்கும், சில பட்டறைகளில் காட்மியமும் இருக்கும். தங்கத்தில் கேடிஎம் என்று சொல்வோமே, அந்தக் காட்மியம்தான். மின்சாரத்துக்கு எந்த உலோகம் நல்லது என்று பார்க்கத் தெரியாது, கரைகிறதையெல்லாம் கரைக்கும்.

அடுத்தது தண்ணீர். காய்ச்சி வடித்த தண்ணீர் வேண்டும். வெறும் பரிசோதனைக்கு என்றால் பெட்ரோல் பங்கில் கிடைக்கும் பேட்டரி தண்ணீரே போதும். டம்ளர் கண்ணாடியாக இருக்கட்டும், ஆனால் சமையல்கட்டு டம்ளர் கூடாது. எடுத்தால் அதைத் திரும்ப அடுக்கில் வைக்காதீர்கள். மேலே ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி 'குடிக்காதே' என்று எழுதுங்கள். லேபில் முதல் நாள் முதல் வகுப்பில் சொல்வது இதுதான்: பேர் எழுதாத பாட்டில் இருக்கக் கூடாது. மின்சாரம் பேட்டரியிலிருந்து மட்டும். சுவர் பிளக்கில் செருகும் பழைய அடாப்டரை வெட்டி ஒட்டுப்போட்டு வைக்கிற வேலையெல்லாம் வேண்டவே வேண்டாம்.

இரண்டு கம்பியும் தண்ணீருக்குள் ஒன்றையொன்று தொடாமல், மூன்று நான்கு சென்டிமீட்டர் தள்ளி நிற்க வேண்டும். நான் ஒரு அட்டையில் இரண்டு ஓட்டை போட்டு டம்ளர் வாய்மேல் வைத்துக் கம்பிகளைச் செருகினேன். மூன்று பேட்டரியும் தொடராக, மொத்தம் 27 வோல்ட். முதலில் ஒன்றுமே நடக்காதது போலத்தான் இருக்கும், சுத்தத் தண்ணீரில் மின்சாரம் ஓடுவதே கஷ்டம். நாத்தனார் பொறுமையில்லாமல் "மெஷின் கெட்டுப்போச்சா மதினி?" என்றாள். பத்து பதினைந்து நிமிஷத்தில் கம்பியிலிருந்து புகை போல மெல்லிய சாம்பல் இழை இறங்கத் தொடங்கும். நேர்மின்முனைக் கம்பி கறுக்கும். அவ்வளவுதான் மெஷின்.

இதற்குப் பக்கத்தில் இன்னொரு டம்ளரில் வெறும் வடித்த தண்ணீரை வையுங்கள். அறையை இருட்டாக்கி, சிவப்பு லேசர் பேனாவைப் பக்கவாட்டிலிருந்து இரண்டுக்குள்ளும் விடுங்கள். கண்ணுக்கு நேராக மட்டும் பிடித்துவிடாதீர்கள், குழந்தைகள் கையிலும் கொடுக்க வேண்டாம். வெறும் தண்ணீரில் கதிர் போகும் வழி தெரியாது. வெள்ளி இறங்கிய தண்ணீரில் ஒரு கோடு தெரியும், கூரை ஓட்டையில் வரும் வெயிலில் தூசி தெரிகிற மாதிரி. துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதால் வரும் டிண்டால் விளைவு. என்னைக் கேட்டால் இந்த மொத்த வேலையில் உருப்படியான பயன் இந்தக் கோடுதான். வகுப்பில் அதைப் பார்க்கும்போது பிள்ளைகள் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும்.

கோடு மங்கலாக இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். இப்படிச் செய்ததில் பெரும்பகுதி கூழ்மமே கிடையாது, கரைந்த வெள்ளி அயனி, அதாவது மின்னூட்டம் ஏறிய வெள்ளி அணுதான். துகளாகத் தொங்குவது கொஞ்சம். உண்மையான நுண்துகள் வெள்ளிக் கூழ்மம் மஞ்சளாக இருக்கும். 'நிறமே இல்லாமல் பளிங்கு போல இருப்பதுதான் முதல் தரம்' என்று விற்கிறார்கள். அது கூழ்மம் குறைவு என்பதற்கு அடையாளம்.

எவ்வளவு வெள்ளி இறங்கியது? ஓடிய மின்சாரத்தை வைத்துக் கரைந்த உலோகத்தைக் கணக்கிடும் ஃபாரடே விதி போதும், பிளஸ் டூ கணக்கு. ஒரு மில்லி ஆம்பியர் மின்னோட்டம் ஒரு மணி நேரம் ஓடினால் அதிகபட்சம் 4 மில்லிகிராம் வெள்ளி கரையும். அது 200 மில்லி தண்ணீரில் என்றால் லிட்டருக்கு 20 மில்லிகிராம், இவர்கள் மொழியில் 20 பி.பி.எம். குடிநீருக்கான இந்தியத் தரக் குறியீடு ஐ.எஸ். 10500, வெள்ளிக்கு வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 0.1 மில்லிகிராம். இருநூறு மடங்கு. அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு தினம்தினம் உள்ளே போகலாம் என்று வைத்திருக்கும் அளவு உடல் எடையில் கிலோவுக்கு 5 மைக்ரோகிராம். 60 கிலோ ஆளுக்கு 300 மைக்ரோகிராம், அதாவது மூன்றில் ஒரு மில்லிகிராம் கூட இல்லை. அந்த 200 மில்லி டம்ளரில் 4 மில்லிகிராம்.

"நான் அளந்துதான் குடிக்கிறேன்" என்று நாத்தனார் ஒரு டி.டி.எஸ். மீட்டரை எடுத்தாள். ஆர்.ஓ. மாட்ட வருகிறவர்கள் குடத்தில் முக்கிக் காட்டுவார்களே, அதே பேனா. அது வெள்ளியை அளக்காது. தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்று பார்த்து, கரைந்த உப்பு இவ்வளவு இருக்கலாம் என்று ஒரு மதிப்பு சொல்லும். துகள் அதன் கண்ணில் படவே படாது. அதில் தெரியும் எண்ணை வைத்து மருந்து அளவு பார்ப்பது, எடைத்தராசில் காய்ச்சல் பார்ப்பது மாதிரி.

அப்புறம்தான் கேட்டேன், வீட்டில் எந்தத் தண்ணீரில் செய்கிறாய் என்று. வடித்த தண்ணீர் கிடைக்காத நாளில் போர் தண்ணியிலேயே செய்கிறாளாம். "அதுலதான் மதினி நல்லா பால் மாதிரி வரும், சத்து அதிகம்."

எங்கள் பக்கத்துப் போர் தண்ணியைப் பற்றி விருதுநகர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, சோப்பு நுரைக்காது. அதிலும் செய்து பார்த்தோம். மல்டிமீட்டரை நடுவில் மாட்டினேன். ஓட்டம் 20 மில்லி ஆம்பியருக்கு ஏறிவிட்டது. அரை மணியில் கணக்குப்படி 40 மில்லிகிராம் வெள்ளி. டம்ளர் முழுக்க வெள்ளைவெளேரென்று திரிந்த பால் போல. அந்த வெள்ளை சத்து இல்லை, சில்வர் குளோரைடு. தண்ணீரில் உள்ள உப்பிலிருந்து குளோரைடு, கம்பியிலிருந்து வெள்ளி. பிராக்டிகலில் உப்புப் பகுப்பாய்வு செய்தவர்களுக்குத் தெரியும், சில்வர் நைட்ரேட் விட்டதும் வருகிற தயிர் போன்ற வீழ்படிவு. வடித்த தண்ணீரில் செய்த டம்ளரிலும் ஒரு சிட்டிகை கல்லுப்பைப் போட்டுப் பாருங்கள், லேசாக மூட்டம் போடும். வயிற்றில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். உள்ளே இறங்கியதும் வெள்ளி அயனிக்கு நடப்பது ஏறக்குறைய இதுவேதான். 'கிருமியைத் தேடிப்போய்க் கொல்லும்' என்பதெல்லாம் தொண்டையைத் தாண்டியதும் வேறு கதையாகிவிடுகிறது.

அந்த வெள்ளை டம்ளரை எடுத்து மொட்டைமாடிப் படியில், வெயில் விழும் இடத்தில் வைத்தேன். காபி குடித்துவிட்டு வந்து பார்க்கலாம் என்றேன்.

காபி நேரத்தில் சொன்ன கதை: பிராக்டிகல் வகுப்பில் சில்வர் நைட்ரேட்டைக் கையில் சிந்திக்கொள்ளாத பிள்ளையே கிடையாது. சிந்தின உடனே ஒன்றும் தெரியாது, தண்ணீர் மாதிரி இருக்கும். மறுநாள் விரல் நுனி கறுப்பாக இருக்கும். சோப்புக்கும் போகாது, எலுமிச்சைக்கும் போகாது. "டீச்சர், கல்யாணம் வருது டீச்சர்" என்று அக்காவுக்குக் கல்யாணம் வைத்திருந்த ஒரு பெண் அழுதிருக்கிறாள். ஒன்றிரண்டு வாரத்தில் மேல்தோல் உதிரும்போது கறையும் உதிர்ந்துவிடும். வெள்ளி உப்பு, வெளிச்சம் பட்டால் உலோக வெள்ளியாகப் பிரிந்து கறுக்கும். பழைய போட்டோ ஃபிலிமும் இதே வேலைதான்.

குடித்த வெள்ளி வெளியே ஒட்டுவதில்லை. கொஞ்சம் ரத்தத்தில் சேர்ந்து, மேல்தோலுக்குக் கீழே உள்தோலில் போய்த் தங்குகிறது. வெயில் படும் முகம், கழுத்து, கை, நகக்கண் எல்லாம் சாம்பல் நீலமாகிறது. அந்த இடம் உதிராது. அதனால் போகவும் போகாது. ஆர்ஜீரியா என்று பேர். அமெரிக்காவில் மொன்டானா மாகாணத்தில் 2002இல் செனட் தேர்தலில் நின்ற ஸ்டான் ஜோன்ஸ் என்பவரின் படத்தைத் தேடிப் பாருங்கள். 1999இல், 2000ஆம் ஆண்டு பிறந்ததும் கணினிகள் குழம்பிவிடும் என்ற ஒய்2கே பீதியில், மாத்திரை மருந்து கிடைக்காமல் போய்விடுமோ என்று பயந்து, இதே மாதிரி வீட்டில் கம்பியும் மின்சாரமும் வைத்து வெள்ளித் தண்ணீர் செய்து குடித்தவர். முகம் நீலச் சாம்பலாகிவிட்டது. அதே 1999இல்தான் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்.டி.ஏ., கடையில் சீட்டில்லாமல் விற்கும் கூழ்ம வெள்ளி மருந்துகள் பாதுகாப்பானவை என்றோ பலன் தருபவை என்றோ ஏற்கத் தக்கவை அல்ல என்று தீர்ப்புச் சொன்னது. 2020இல் கொரோனாவுக்கு மருந்து என்று இதைத் திரும்ப விற்கக் கிளம்பியவர்களுக்கும் அங்கே எச்சரிக்கைக் கடிதம் போனது.

"அப்ப உங்க புத்தகம் பொய்யா?"

நியாயமான கேள்வி. பொய் இல்லை, காலம் தவறிய வரி. ஆர்ஜிரால் 1900களின் தொடக்கத்தில் வந்த மருந்து, பெனிசிலின் வருவதற்கு நாற்பது வருஷம் முன்னால். பிரசவத்தின்போது தாயிடமிருந்து தொற்றும் கிருமியால் குழந்தைகளுக்குப் பார்வை போய்க்கொண்டிருந்த காலம். 1880களில் ஜெர்மனியின் லைப்ஸிக்கில் கிரேடே என்ற மருத்துவர் பிறந்த குழந்தையின் கண்ணில் சில்வர் நைட்ரேட் சொட்டு விட்டு அதைத் தடுக்கலாம் என்று காட்டினார். ஆனால் அது எரியும். எரிச்சல் குறைவாக, புரதத்தோடு சேர்த்துச் செய்த வெள்ளி மருந்துதான் ஆர்ஜிரால். அதை விற்ற ஆல்பர்ட் பார்ன்ஸ் அந்தப் பணத்தில் ரென்வார், செசான் போன்ற ஓவியர்களின் படங்களை வாங்கிக் குவித்தார், பிலடெல்பியாவில் இன்றும் அந்த அருங்காட்சியகம் இருக்கிறது. ஆன்டிபயாட்டிக் வந்ததும் மருந்து ஓரம்கட்டப்பட்டது. பாடப்புத்தகத்திலிருந்து அந்த வரி மட்டும் போகவில்லை. 'பயன்பட்டது' என்று ஒரு சொல்லை மாற்றியிருந்தால் போதும். நானாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

வெள்ளிக்குக் கிருமியைக் கொல்லும் குணம் உண்மையில் உண்டு. அதை மறைத்துப் பேசினால் வீட்டில் யாரும் நம்ப மாட்டார்கள். தீக்காயத்துக்கு மருத்துவர் எழுதும் வெள்ளைக் களிம்பு, ஒரு சதவீத சில்வர் சல்ஃபாடயசின். தண்ணீர் வடிகட்டிகளிலும் இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் பிரதீப் என்ற பேராசிரியரின் குழு வெள்ளி நுண்துகளை வைத்துப் பல வருஷமாக வடிகட்டிகள் செய்கிறது. ஆனால் அங்கே வெள்ளியை ஒரு பொருளில் பிடித்துக் கட்டிவைத்து, குடிநீர் வரம்புக்குள் சொற்பமாக மட்டும் கசியும்படி செய்கிறார்கள். வெள்ளி டம்ளரில் தண்ணீர் குடிப்பதும், குழந்தைக்குப் பாலாடையில் புகட்டுவதும் வேறு. பேட்டரி இல்லாமல் வெள்ளி அவ்வளவு சுலபமாகக் கரைந்துவிடாது. பாலாடையை வெந்நீரில் கழுவிவிட்டுப் புகட்டுங்கள், அது போதும்.

"விண்வெளியிலேயே வெள்ளி போட்ட தண்ணிதான் குடிக்கிறாங்களாம்" என்று கடைசி அஸ்திரத்தை எடுத்தாள். குடிக்கிறார்கள், சர்வதேச விண்வெளி நிலையத்தின் ரஷ்யப் பகுதியில். பல மாதம் தொட்டியில் கிடக்கும் தண்ணீரில் கிருமி பெருகாமல் இருக்க. மூட்டுவலிக்கு இல்லை.

உடனே செய்ய வேண்டிய ஒன்றை முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். வெள்ளி, தைராக்ஸின் மாத்திரை உடம்பில் சேர்வதைக் கெடுக்கும். டெட்ராசைக்ளின் வகை, சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாட்டிக்குகளையும் அப்படித்தான். தைராய்டு மாத்திரையை வெறும் தண்ணீரில் விழுங்கிவிட்டு அரை மணியாவது காபிகூடக் குடிக்காமல் இரு என்று மருத்துவர்கள் சொல்வதே, மாத்திரை முழுசாகச் சேர வேண்டும் என்றுதான். அதை வெள்ளித் தண்ணீரில் விழுங்கினால் மாத்திரைக்குக் கொடுத்த காசும் போச்சு. குடித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டு, மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லி, டி.எஸ்.எச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிடுங்கள். கூடவே கண்ணாடி முன் நின்று ஈறையும், நகத்தின் அடியில் உள்ள பிறையையும் பாருங்கள். நீலமோ சாம்பலோ தட்டினால் தோல் மருத்துவர். ஒரு சிலருக்கு லேசர் கொஞ்சம் உதவுகிறது. உடம்பிலிருந்து வெள்ளியை இழுத்து வெளியேற்றுகிறோம் என்று விற்கும் மருந்துகள் உதவுவதில்லை.

வெள்ளித் தண்ணீரைக் கண்ணிலும் மூக்கிலும் விடுவதை இதோடு நிறுத்திவிடுங்கள். சின்னக் காயமா, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவினாலே பாதி வேலை முடிந்தது. துருப்பிடித்த ஆணி என்றால் டி.டி. ஊசி. குடிதண்ணீர் மேல் சந்தேகமா, தளதளவென்று ஒரு நிமிஷம் கொதிக்கவிட்டு, அதே பாத்திரத்தில் மூடி ஆறவைத்து, கையை விடாமல் கரண்டியால் மொண்டு குடியுங்கள். வெள்ளத்தின்போது சுகாதார நிலையத்தில் குளோரின் மாத்திரை கொடுப்பார்கள். அட்டையில் எத்தனை லிட்டருக்கு ஒன்று என்று போட்டிருக்கும், அதைப் படித்துப் போட்டு, அரை மணி காத்திருந்து குடிக்க வேண்டும். நாற்றமாக இருக்கிறது என்று பாதி மாத்திரை போடுவது எங்கள் தெருவில் பெரிய பழக்கம். பாதி போட்டால் கிருமி பிழைத்திருக்கலாம்.

பரிசோதனை முடிந்த தண்ணீரை எங்கே ஊற்றுவது? மீன் தொட்டிப் பக்கமே போகக் கூடாது, வெள்ளி அயனி மீனுக்குக் கொடிய விஷம், கொஞ்சம் போதும். துளசிக்கும் ஊற்ற வேண்டாம். ஒரு ஸ்பூன் உப்பைப் போட்டுக் கலக்கி ஒருநாள் வைத்தால் வெள்ளை அடியில் படியும். மேல் தண்ணீரைச் சாக்கடையில் விட்டுவிட்டு, அடியில் உள்ளதைக் காகிதத்தில் வழித்து மடித்துக் குப்பையில் போட்டுவிடலாம். ஒரு டம்ளர் அளவுக்கு இது போதும். கைக்கு உறை போட்டுக்கொள்ளுங்கள், கல்யாணம் இருக்கிறதோ இல்லையோ.

காபி முடிந்து மாடிப்படிக்குப் போனோம். வெள்ளைவெளேரென்று இருந்தது வெயில் பட்ட பக்கம் கத்தரிப்பூ நிறம் தட்டி, மேலே சாம்பலாகியிருந்தது. நிழல் பக்கம் இன்னும் வெள்ளையாகவே இருந்தது. நாத்தனார் டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு தன் நகத்தைப் பார்த்தாள். நல்லவேளை, மருதாணிச் சிவப்பைத் தவிர ஒன்றும் இல்லை.

"இந்தக் கம்பி என்ன விலை தெரியுமா மதினி?" என்றாள் கொஞ்ச நேரம் கழித்து.

மறுவாரம் பத்தரிடம் கொண்டுபோய் மெட்டியாக அடித்துத் தரக் கேட்டிருக்கிறாள். சுத்த வெள்ளி வளைந்துகொடுக்கும், நாலு நாளில் கோணிவிடும், செம்பு கலந்தால்தான் நிற்கும் என்றாராம். கலந்தே அடித்து வாங்கி வந்துவிட்டாள். பேட்டரி டப்பா என் அலமாரியில் கிடக்கிறது, மேலே காகிதம் ஒட்டியிருக்கிறேன்.